எழுந்திருக்க மறுத்த சித்தப்பா

என் சித்தப்பா முப்பது வருடம் லிஃப்ட் இயக்கியவர். பெரிய பெரிய அதிகாரிகளையே "உள்ள தள்ளி நில்லுங்க" என்று அதட்டிப் பழக்கப்பட்டவர். புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. பேடு கட்டிக்கொள்ளச் சொன்னால், "நான் என்ன கைக்குழந்தையா?" என்று எகிறுவார்.

அன்று சலூனில் முடிவெட்டி முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்த பார்வையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

"என்ன, பெரியவர் தூங்கிட்டாரா?" என்றார் ஒருவர். மற்ற இருவரும் சிரித்தார்கள். சித்தப்பாவின் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தன.

சலூன்காரர் குனிந்து தரையைப் பார்த்தார். சித்தப்பாவுக்குப் போர்த்திய துணியை எடுக்காமலே, கத்தரியால் வெறும் காற்றை வெட்டத் தொடங்கினார்.

"இவருக்கு டை வேற அடிக்கணும். ஒரு மணி நேரமாகும். டீ குடிச்சிட்டு வாங்களேன்."

மூவரும் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். நான் கதவைச் சாத்தினேன்.

சித்தப்பா எழுந்தார். சலூன்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சீப்பு சீப்பாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பேண்ட் எடுத்துட்டு வாடா" என்றார் சித்தப்பா. நான் கதவைத் திறந்ததும் தொண்டையைக் கனைத்தார்.

"அந்தப் பேடு சனியனையும் கொண்டா."