வடக்குக் கேபிள்

என் வீட்டுக்காரர் ஒரு விமானம் கட்டினார். அதில் அவரால் ஏற முடியாது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், அவருக்குக் கோபம் வரும். ராணுவத்தில் வண்டிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். ஒற்றை ஆள் உட்காரும் குட்டி விமானத்துக்கு வரைபடம் வாங்கி, சுந்தரபாண்டியபுரம் தாண்டி இருக்கும் எங்கள் புஞ்சையில், தகரக் கொட்டகைக்குள் வைத்துக் கட்டினார். செங்கோட்டைப் பரோட்டாவும் நாட்டுக்கோழிச் சால்னாவும் கைகொடுக்க, விமானம் வளர வளர அவரும் வளர்ந்தார். அது முடிந்தபோது, வரைபடத்தில் போட்டிருந்த எடையைத் தாண்டி எங்கேயோ போயிருந்தார். மிச்சம் இருந்தது நான்தான்.

நான் தையல்காரி. தென்காசியில் கடை. இறக்கைக்குத் துணி தைத்தவளும் நானே. தைக்கும்போதே எனக்குப் பறக்கிற கோட்டி பிடித்துவிட்டது. கடையைப் பூட்டிவிட்டுக் கர்நாடகத்துக்குப் போய், ஒரு பயிற்சிப் பள்ளியில் சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தேன். நாற்பது தாண்டியவளுக்கு இது தேவையா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. தேவைதான் போங்க என்று சொல்லிவிட்டேன். அனுமதிக் காகிதங்களுக்கு நாங்கள் அலைந்த அலைச்சலை இங்கே எழுதினால் எனக்கே தூக்கம் வரும், விட்டுவிடுகிறேன்.

அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஏட்டி, நல்லாக் கேட்டுக்கோ. ஒரே ஒரு கோளாறு வரட்டும், ரம்பத்த எடுத்து ரெண்டு இறக்கையையும் அறுத்துப் போட்டுருவேன். பிள்ளையளுக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

சொன்னால் செய்கிற ஆள். ஆக, பறந்தால் பறந்தேன், இல்லாவிட்டால் அந்த அலுமினியக் குழாயெல்லாம் அவரைக்கொடிப் பந்தலுக்குப் போய்விடும்.

முதல் தடவை சீட்டில் உட்கார்ந்து, விமானத்தைத் திருப்புகிற கைப்பிடியான ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தேன். வயிற்றில் வந்து இடித்தது. பெடல் காலுக்கு எட்டவே இல்லை.

"என்னங்க, இத யாரு அளவுக்குத் தச்சிய?"

"வரைபடத்துல இருக்க அளவுட்டி."

"வரைபடத்துக்கு வயிறு இருக்கா? ஆல்டர் பண்ணிக் குடுங்க."

எத்தனை பெண்கள் என் கடை வாசலில் நின்று இப்படி என்னை விரட்டியிருக்கிறார்கள்! முதல் முறையாக நான் விரட்டினேன். அப்பாடா, என்ன சுகம்! அவர் முனகிக்கொண்டே பெடல்களில் வேப்பங்கட்டை வைத்து போல்ட் போட்டார். ஸ்டிக்கைக் கழற்றிக் கொஞ்சம் குட்டையாக்கி முன்பக்கம் வளைக்க, தென்காசி லேத்துப் பட்டறைக்குக் கொண்டு போனார்.

ஸ்டிக்கைக் கழற்றும்போது இரண்டு கேபிள்களையும் கழற்ற வேண்டியிருந்தது. இறக்கையின் பின் ஓரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, மேலும் கீழும் அசைகிற மடல்கள் உண்டு. ஸ்டிக்கை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கத்து மடல் மேலே எழ வேண்டும். அந்த இறக்கை தாழும். அதற்கான கேபிள்கள் இரண்டும் ஒரே குழாய் வழியாக வந்து ஸ்டிக்கின் அடியில் மாட்டும். எது எதுவென்று மாறிவிடக் கூடாது என்று அவர் பட்டை நாடா ஒட்டி எழுதினார். என்ன எழுதினார்? எங்கள் ஊர்க்காரர் என்ன எழுதுவார்! ஒன்றில் 'வடக்கு'. ஒன்றில் 'தெற்கு'. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரைக்கூட 'கொஞ்சம் மேக்க தள்ளி உக்காருங்க' என்று சொல்கிற ஊர் இது. விமானத்தின் மூக்கு அன்றைக்கு மேற்கே, மலையைப் பார்த்து இருந்தது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஸ்டிக் பட்டறையில் கிடந்த அந்த வாரம் குற்றாலத்தில் சீசன் வெளுத்து வாங்கியது. சாரல் கொட்டகைக்குள் வந்து விமானத்தின் வாலில் சொட்டச் சொட்ட, இருவருமாக அதை வெளியே தள்ளி, அப்படியே திருப்பி உள்ளே விட்டோம். மூக்கு இப்போது கிழக்கே. ஸ்டிக் வந்தது. வடக்குக் கேபிளை வடக்குப் பக்கம் மாட்டினார். தெற்குக் கேபிளைத் தெற்குப் பக்கம் மாட்டினார். விரலால் சுண்டி, விறைப்பு சரிதான் என்று தலையாட்டினார்.

சோதிக்காமல் விட்டோமா? சோதித்தோமே! அவர் வெளியே நின்று "வடக்க சாய்" என்றார். மூக்கு மேற்கே இருந்தபோது அந்த சீட்டில் உட்கார்ந்து பழகிய எனக்கு வடக்கென்றால் வலது கைதான். வலப்பக்கம் சாய்த்தேன். வடக்கு இறக்கையில் மடல் எழுந்தது. "சரியா இருக்கு!" என்றார். அவர் தப்பும் என் தப்பும் கைகோத்துக்கொண்டு பாஸாகிவிட்டன.

மறுநாள் காலை காற்று ஓய்ந்திருந்தது. பறப்பதில்லை, தரையில் ஓட்டிப் பார்ப்பது மட்டும் என்று பேச்சு. எங்கள் ஓடுபாதை தெற்கு வடக்காகப் போகும்; கிழக்கே முழுக்கச் சூரியகாந்தி. நான் வடக்கு நோக்கி வேகம் எடுத்தேன். பாதி தூரத்தில் மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வந்து என் இடது இறக்கையைத் தூக்கியது. கற்றுக்கொண்டபடி ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தேன். இறக்கை இன்னும் எழுந்தது. இன்னும் சாய்த்தேன். இன்னும் எழுந்தது! வலது இறக்கை தரையில் உரசி, விமானம் கிறுகிறுவென்று சுற்றிச் சூரியகாந்திக்குள் போய் நின்றது.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. இறக்கை நுனியில் துணி கிழிந்திருந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் ஓடி வரவில்லை, கொட்டகைக்குள் ஓடினார். எதற்கு என்று எனக்குத் தெரியும். அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்து, இடது மடலைப் பார்த்தேன். அது சாவகாசமாகக் கீழே இறங்கியது.

அடுத்த நொடி சிரிப்பு பீறிட்டது. பூக்களுக்கு நடுவே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ரம்பத்தோடு வந்தவர் பயந்துபோனார். "ஏட்டி, தலையில கிலையில அடிபட்டுச்சா? எதுக்குச் சிரிக்க?"

"என்னங்க, வடக்கு எங்கன இருக்கு?"

ரம்பத்தாலேயே காட்டினார்.

"அது ஊருக்கு. விமானத்துக்கு?"

கொட்டகையைப் பார்த்தார், விமானத்தின் மூக்கைப் பார்த்தார், குனிந்து சீட்டுக்கு அடியில் இருந்த நாடாவைப் பார்த்தார். "உன்னக் கொன்னுருப்பேனே" என்று சொல்லி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். என் சிரிப்பும் நின்றது. அந்த ஆள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

"நானும்தான வலது கைய வடக்குன்னு நெனச்சேன். எந்திரிங்க. சட்டைக்கு எது வலது கை? போடுதவளுக்கு எது வலதோ அது. நாப்பது வயசுக் கழுத ரெண்டு பேரும் இதக்கூட யோசிக்கலயே!"

இறக்கையை நான் தைத்தேன். கேபிள்களை அவர் மாற்றினார். நாடாவில் இப்போது 'சோத்துக்கை', 'வாட்ச் கை' என்று எழுதினார். ஆய்க்குடியிலிருந்து சரிபார்க்க வந்த பழைய விமானப்படை அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு, "சாம்பாரும் ஊத்துவியளா?" என்று கேட்டார். ஆனால் ஒன்றுக்கு இரண்டு தடவையாக என்னையே சாய்க்கச் சொல்லி, மடலைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் சரி என்றார்.

அடுத்த அமைதியான காலையில் ஓடுபாதைக்குப் போனோம். ரம்பம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவர் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார், விட்டார். சக்கரத்தின் கடகடப்பு சட்டென்று நின்றது. அவ்வளவுதான், தரை இல்லை! பனைமரத்தின் தலை என் காலுக்குக் கீழே! காற்று வந்து இடது இறக்கையைத் தூக்கியது, இடப்பக்கம் சாய்த்தேன், தாழ்ந்தது. சொன்ன பேச்சைக் கேட்டது! "எம்மா! எய்யா!" என்று நான் போட்ட கூச்சல் யாருக்கும் கேட்டிருக்காது. புஞ்சையை ஒரு சுற்று சுற்றி இறங்கினேன். இரண்டு குதி குதித்தது, நின்றது.

மூச்சு வாங்க ஓடி வந்தவர் இறக்கை நுனியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"விடுங்க" என்றேன். "இன்னொரு வாட்டி போய்ட்டு வாரேன்."

பிறகு ஒரு கையை எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து மற்றக் கையையும்.