சீவலக்கா குவித்த மணல்

சீவலக்காவுக்கு மன்னிக்கவே தெரியாது என்று வாட்டர் ஒர்க்ஸில் பேசிக்கொள்வார்கள். அது தப்பு. நன்றாகத் தெரியும், ஆள் பார்த்து மன்னிப்பாள். குடித்த டம்ளரைக் குடித்த இடத்திலேயே விட்டுப்போகும் கணவனைத் தினமும் மன்னித்தாள். வாங்கிய குடையைத் திருப்பித் தராத பக்கத்து வீட்டுக்காரியை மழைக்கு மழை மன்னித்தாள். கொழுந்தன் பெண்டாட்டியை மட்டும் மன்னிக்கவில்லை. அதற்கு அவளிடம் காரணம் இருந்தது.

அந்த ஊருக்குக் குடிக்கப் போகும் தண்ணீரெல்லாம் முதலில் மணல் தொட்டிகளில் நிற்கும். தொட்டி என்றால் வீட்டுத் தொட்டி இல்லை. பிள்ளைகள் பந்து விளையாடும் மைதானம் அளவுக்கு ஒவ்வொன்றும். தண்ணீர் மணல் வழியாக மெல்லக் கீழே இறங்கி, சுத்தமாகி, குழாய்க்குப் போகும். அழுக்கும் பாசியும் மணலின் மேல் தங்கி, கொழகொழவென்று பழுப்பாக ஒரு படலம் பிடிக்கும். அதை எல்லோரும் ‘தோல்’ என்பார்கள். தோல் தடித்தால் தண்ணீர் இறங்காது. அப்போது தொட்டியை வடித்துவிட்டு, தோலை மட்டும் சீவி எடுக்க வேண்டும். ஆழமாக வெட்டினால் நல்ல மணல் போய்விடும். மேலோட்டமாக விட்டால் தோல் கோடுகோடாக நின்றுவிடும்.

பெண்கள் வரிசையாக நின்று தட்டை மண்வெட்டியால் சீவிய காலம் அது. காலுக்குக் கீழே சீவிய மணல், கண்ணுக்கு முன்னால் தோல், இடுப்பு எப்போதும் மடிந்தபடி. மற்றவர்களின் தள்ளுவண்டி நிரம்பும்போது சீவலக்காவுடையது பாதிதான் நிரம்பியிருக்கும். அவள் சீவிய பாத்தி இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடக்கும். பாக்குச் சீவலாட்டம் எடுக்கிறாள் என்று யாரோ சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளநாளில் மட்டும் வெளியே வரும்.

வீடு ஒன்று, அடுப்பு இரண்டு. நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் சீவலக்காவும், வாட்டர் ஒர்க்ஸில் வால்வு திருகும் அவள் கணவனும். அந்தப் பக்கம் பஸ் டிப்போவில் வேலை பார்க்கும் கொழுந்தனும் அவன் மனைவியும். அவளை வீட்டில் இளையவள் என்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் இளையவள் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதாள். சும்மா இருக்கப் பிடிக்கவில்லையாம். சீவலக்காதான் கையோடு கூட்டிப்போய் மேற்பார்வையாளரிடம் நின்று, “எங்க வீட்டுப் பொண்ணு சார், கெட்ட பேர் வராது, நான் பொறுப்பு” என்று சொல்லி வரிசையில் சேர்த்துவிட்டாள்.

பிறகு மெஷின் வந்தது. மஞ்சள் நிறம், மணலில் புதையாத அகலச் சக்கரம், வயிற்றுக்கு அடியில் நீளமான பிளேடு. பிளேடு தோலைச் சீவ, பின்னால் ஓடும் பெல்ட் அதை வாரி ட்ரெய்லரில் கொட்டும். மேலே ஒரே ஒரு சீட்டு, வெயிலுக்குக் கூரை.

மேற்பார்வையாளர் நியாயமான மனுஷன். எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். “ஒரு தொட்டியை நீங்க சீவுங்க. பக்கத்துத் தொட்டியை மெஷின் சீவட்டும். ரெண்டும் சுத்தமா இருக்கணும். யார் கம்மியா மணல் எடுக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் வேலை. நீங்க ஜெயிச்சா மெஷினை வந்த லாரியிலயே திருப்பி அனுப்பிடறேன்.”

பெண்கள் சிரித்துக்கொண்டே தொட்டியில் இறங்கினார்கள். சீவலக்கா இருக்கும்போது தோற்பதாவது!

சீவலக்கா குனிந்தவள் குனிந்தபடி தன் பாத்தியை முடித்து நிமிர்ந்தபோதுதான் கடைசி வரிசையைப் பார்த்தாள். இளையவளின் பாத்தி வாய்க்கால் வெட்டியது போல் கிடந்தது. ஒன்றன்பின் ஒன்றாக அவளுடைய தள்ளுவண்டிகள் கரையேறியிருந்தன. வண்டி நிறைய வெள்ளை மணல்.

“என்னடி இது?”

“கை தவறிடுச்சுக்கா.”

“ஒரு தடவை தவறும். பாத்தி முழுக்கவா தவறும்?”

இளையவள் மண்வெட்டியைக் கழுவப் போனாள். அவளுடைய ஒரு பாத்தி எல்லோருடைய கணக்கையும் விழுங்கிவிட்டது. மெஷின் ஜெயித்தது. வரிசை கலைந்தது, பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள், ஒன்றிரண்டு பேர் மணல் கழுவும் முற்றத்துக்குப் போனார்கள், அவர்களில் சீவலக்கா ஒருத்தி. அடுத்த வாரம் மெஷின் சீட்டில் யார் உட்கார்ந்திருந்தது என்று கேட்கவே வேண்டாம். ஓட்ட ஆள் வேண்டும் என்றதும் முந்திக்கொண்டு போய் நின்றவள் இளையவள்தானே. காதில் பஞ்சு, கழுத்தில் துண்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வேறு.

அன்று சாயங்காலம் தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து சீவலக்கா உரக்கச் சொன்னாள். “அந்தச் சீட்டுல இருந்து அவளை நான் இறக்கறேன். எல்லாரும் பாக்க இறக்கறேன்.”

“மெதுவாப் பேசு, கேக்கப் போகுது” என்றான் கணவன்.

“கேக்கட்டும்னுதானே பேசறேன். உங்களுக்கா சொல்றேன்?”

அந்தப் பக்கம் ஒரு கரண்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது. கொழுந்தன் இருமினான். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் சீவலக்கா தன் டப்பாவை எடுத்துக்கொண்டு தொட்டிக் கரைக்குப் போய்விடுவாள். மெஷின் ஓடும்போது கரையில் நின்றபடியே சாப்பிடுவாள். கண் மெஷினின் பின்பக்கத்தை விட்டு நகராது. ஒரே ஒரு கோடு, பழுப்பாக ஒரு விரல் அகலத்துக்குத் தோல் நின்றுவிட்டால் போதும். ஆனால் கோடு விழவே இல்லை. இளையவள் துடைத்துவைத்த தட்டு மாதிரி சீவிக்கொண்டு போனாள். சீவலக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

கோடு ஏன் விழவில்லை என்பதற்கு விடை அவள் வேலை பார்த்த முற்றத்திலேயே வந்து கொட்டியது. ட்ரெய்லர் கவிழ்ந்தபோது தோல் அப்பளம் உடைந்தாற்போல் சில்லு சில்லாக விழுந்தது. அதோடு கூடவே சரசரவென்று வெள்ளை மணல் சரிந்தது. சில்லு கொஞ்சம், மணல்தான் நிறைய. சீவலக்கா ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். அவளுக்கு அன்று மத்தியானம் நன்றாகப் பசித்தது.

வந்ததையெல்லாம் அப்படியே முற்றத்துக் கழுவு தொட்டியில் கொட்டி, பைப்பால் பீய்ச்சிக் கழுவுவதுதான் அங்கே வழக்கம். சீவலக்கா கம்பிச் சல்லடை ஒன்றைச் சாய்த்து நிறுத்தினாள். மணலை அதன்மேல் வாரி வீசினாள். சில்லுகள் மேலே நின்றன. கீழே விழுந்த நல்ல மணலை அலுவலகத்துக்குப் போகும் பாதையோரமாகக் கொண்டுபோய்க் குவித்தாள். மறுநாளும். அதற்கு மறுநாளும்.

குவியல் முழங்கால் அளவு வந்தபோது கிளார்க் கேட்டார், “என்ன சீவலக்கா, எங்கயாவது செவுரு எழுப்பறாங்களா?”

“அதெல்லாம் இல்லீங்க. எங்க வீட்டு மகாராணி தொட்டியில வேணாம்னு தூக்கிப் போட்ட நல்ல மணலு. பாவம், அனாதையாக் கெடக்கேன்னு சேத்து வெக்கறேன்.”

இடுப்பளவு வந்தபோது கேட்காதவர்களையும் நிறுத்திச் சொன்னாள். ஆள் உயரம் வந்தபோது சொல்லவே தேவையில்லாமல் போயிற்று. காலையில் உள்ளே வருகிறவர்கள் குவியலைப் பார்த்துவிட்டு, கழுத்தைத் திருப்பி மெஷினைப் பார்த்தார்கள்.

வீட்டில் துணி காயப்போடும் கொடி மட்டும் இரண்டு குடும்பத்துக்கும் பொது. அங்கே ஒருநாள் இளையவள் மடக்கினாள்.

“அக்கா, அந்த மணலை எடுத்துடுங்க.”

“எந்த மணல்?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. எல்லாரும் சிரிக்கறாங்க.”

“மணலைப் பாத்து யாராவது சிரிப்பாங்களா? வேற எதையாவது பாத்துச் சிரிச்சிருப்பாங்க.”

“உங்களுக்கு என்னதான்கா வேணும்?”

“ஒண்ணும் வேணாம். நீ கொட்டறே, நான் குவிக்கறேன். அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாக்கறோம்.”

இளையவள் ஈரத் துணியை உதறிய உதறலில் சீவலக்காவின் முகத்தில் தண்ணீர் தெறித்தது. சீவலக்கா துடைத்துக்கொள்ளவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது கணவன் கெஞ்சினான். “வீட்டுச் சண்டையை வேலை செய்யற இடத்துக்குக் கொண்டு போகாதேன்னு சொல்றேன்.”

“சரியாப் பாத்துப் பேசுங்க. அது வேலை செய்யற இடத்துச் சண்டை. அதைத்தான் வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கேன்.”

கடைசியில் மேற்பார்வையாளரே குவியல் முன்னால் நின்றார். ஒரு பிடி எடுத்துத் தேய்த்தார், முகர்ந்து பார்த்தார். சீவலக்காவிடம் ஒன்றும் கேட்காமல் நேரே தொட்டிக்குப் போனார். சுவரில் பழைய மணல் மட்டம் கறை கட்டியிருந்தது. இப்போது மணல் அதற்கு எவ்வளவோ கீழே கிடந்தது. இப்படியே போனால் தொட்டியில் வடிகட்ட மணலே மிஞ்சாது. கையைத் தட்டி மெஷினை நிறுத்தச் சொன்னார். சீவலக்கா பைப்பைப் போட்டுவிட்டு வந்து கரையில் நின்றாள். சாப்பிட உட்கார்ந்தவர்களும் எழுந்து வந்தார்கள்.

“ஏம்மா இவ்வளவு ஆழமா பிளேடை வெக்கறே?” என்றார் அவர்.

“மேல வெச்சா கோடு விழுது சார்.”

“விழுந்தா விழட்டுமே. பின்னால ஒரு ஆள் மண்வெட்டியோட வந்து எடுத்துட்டுப் போறார். அதுல என்ன?”

இளையவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கண் அவரைப் பார்க்கவில்லை; கரையைப் பார்த்தது. “கோடு விழுமான்னு இவங்க தெனம் வந்து நிக்கறாங்க சார். கையில சோத்து டப்பாவோட. ஒண்ணே ஒண்ணு விழுந்தா போதும், ஊரையே கூட்டிடுவாங்க. அந்தப் பயத்துலயே லிவரைக் கீழே இறக்கிடறேன்.”

எல்லோரும் சீவலக்காவைப் பார்த்தார்கள். வேறொருத்தியாக இருந்தால் இந்த இடத்தில் மனது கொஞ்சம் இளகியிருக்கும். சீவலக்காவுக்கு உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்தது. தான் நின்ற ஒவ்வொரு மதியமும் வீணாகவில்லை!

“கீழே இறங்கும்மா,” என்றார் மேற்பார்வையாளர். “நாளைலருந்து நீ கோடு எடுக்கற வேலை பாரு. மெஷினை...” என்று சுற்றிலும் பார்த்து, சீவலக்காவைக் கைகாட்டி, “இவங்கதானே கம்மியா சீவறவங்க. இவங்க ஓட்டட்டும்” என்றார்.

இளையவள் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினாள். சீவலக்கா எதிரில் போய் நின்றாள்.

“இப்பவாவது எல்லார் முன்னாடியும் சொல்லுடி. அன்னிக்குக் கை தவறுச்சா?”

“தவறல. போதுமா?” இளையவள் தலை குனியவில்லை. “காலம் பூரா குனிஞ்சே கெடக்கணுமா நான்? ஒரு நாளாவது உக்காந்து வேலை பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. செஞ்சேன்.”

“எல்லாருக்கும்தான்டி இடுப்பு வலிச்சுது” என்றாள் சீவலக்கா.

கூட்டத்தில் யாரும் ‘போகட்டும் விடு’ என்று சொல்லவில்லை. அங்கே நின்றவர்களுக்கும் இடுப்பு இருந்தது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட தோழிகளும் இருந்தார்கள்.

மெக்கானிக் வந்து கற்றுக்கொடுத்தார். ஸ்டியரிங், கிளட்ச், லிவர். சில நாட்களில் பழகிவிட்டது. வடிந்து காய்ந்த தொட்டியில் சீவலக்கா தனியாக மெஷினை இறக்கிய அன்று, கரை முழுக்க ஆட்கள். பிளேடை மேலே தூக்கி, தோல் மட்டும் உரிகிற அளவுக்கு வைத்தாள். ட்ரெய்லரில் சில்லு சில்லாக விழுந்தது. வெள்ளை கண்ணில் படவே இல்லை. அந்தக் கோடிவரை போய்த் திருப்பினாள். திருப்பியபோது மெஷினின் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள்.

கோடு. நீளமாக, பழுப்பாக, நடுத் தொட்டியில்.

இளையவளும் பார்த்துவிட்டாள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவசரமே இல்லாமல் தொட்டியில் இறங்கி நடந்து வந்தாள். கோட்டின் தலைமாட்டில் மண்வெட்டியைக் குத்தி நிறுத்தி, அதன் காம்பில் கையை ஊன்றி, கரையைப் பார்த்து நின்றுகொண்டாள். சீவவில்லை.

“என்னடி நிக்கறே?” மெஷின் சத்தத்துக்கு மேலே சீவலக்கா கத்தினாள்.

“அவசரம் என்னக்கா! எல்லாரும் ஒரு தடவை நல்லாப் பாத்துக்கட்டும். அப்புறம் எடுக்கறேன்.”

கரையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சீவலக்காவின் காது சுட்டது. அவளைக் கேட்காமலேயே கை லிவருக்குப் போயிற்று. கொஞ்சம் இறக்கினால் போதும், அடுத்த சால் துடைத்த தட்டாகிவிடும். வெள்ளை மணலும் கூடவே வரும். முற்றத்தில் அந்தக் கம்பிச் சல்லடை இன்னும் சாய்ந்தபடியே நின்றது. நாளை அதில் மணலைச் சலித்துக் குவிக்கப்போவது யார் என்று அவளுக்குத் தெரியும்.

கையை லிவரிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து நின்று கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “பாருங்க, எல்லாரும் நல்லாப் பாருங்க! கோடுதான் விழுந்திருக்கு. சின்னக் குழந்தைங்களையும் கூட்டிட்டு வந்து காட்டுங்க. பாத்தாச்சா? ஏய், பாத்துட்டாங்கடி. குனி.”

இந்தத் தடவை கரை மொத்தமும் சிரித்தது. மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார். இளையவள் மண்வெட்டியைப் பிடுங்கி, இடுப்பை மடித்து, கோட்டைச் சீவத் தொடங்கினாள்.

சீவலக்கா சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். சீட்டு மெத்தென்றிருந்தது, இளையவள் ஆசைப்பட்டதில் தப்பில்லை என்றுகூடத் தோன்றியது. கியரைப் போட்டாள். அடுத்த சாலில் இன்னொரு கோடு விழுந்தது. அதற்கடுத்ததில் இரண்டு. பிளேடு அவ்வளவு மேலே இருந்தால் விழத்தான் செய்யும் என்று மெக்கானிக் சொன்னார். விழாமலும் ஓட்டலாம் என்று வேறு சிலர் சொன்னார்கள். சாயங்காலம் வரை மெஷின் முன்னால் போக, இளையவள் பின்னால் குனிந்தபடி வந்துகொண்டே இருந்தாள். பின்னால் குனிந்து வருகிறவள் நன்றாகத் தெரியும்படி சீவலக்கா கண்ணாடியைத் தன் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிவைத்துக்கொண்டாள்.