இறங்கக் கூடாத இடம்

அந்த ஃபோமுலார், பயணம் எப்படி இருந்தது என்று கேட்கிற படிவம், மகளின் கைத்தொலைபேசிக்குத்தான் வந்தது. பயண நிறுவனம் அனுப்பியிருந்தது. நாங்கள் தான்சானியாவில் சிங்கம் பார்த்துவிட்டுச் சுவிசில் எங்கள் பேர்ணுக்குத் திரும்பி நாலு நாள்கூட ஆகவில்லை. தோய்த்துப் போட்ட பிறகும் உடுப்புகளில் செம்மண் நிறம் முழுதாகப் போகவில்லை. மகள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியபடியே கேள்விகளை வாசித்தாள். படுக்கை வசதியாக இருந்ததா, சாப்பாடு பிடித்ததா, என்னென்ன மிருகங்களைக் கண்டீர்கள் என்று போய், ஒன்பதாவது கேள்வியில் வந்து நின்றது. வழிகாட்டி பாதுகாப்பு விதிகளை முழுமையாகக் கடைப்பிடித்தாரா? ஆம் என்று ஒரு பெட்டி. இல்லை என்று ஒரு பெட்டி.

நான் எழும்பி அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஓம் எண்டு போடு பிள்ளை."

"அப்பா, அவர் ஜீப்பை விட்டு இறங்கினவர்தானே. அதைக் காட்டு ரேஞ்சர் புத்தகத்தில எழுதினவர். நாங்கள் ஓம் எண்டு போட, எங்களோட ஜீப்பில வந்த சோலோதுர்ன் ஆக்கள் இல்லை எண்டு போட்டால்? ரெண்டையும் வைச்சுப் பாப்பினம்."

"அப்ப ஒண்டும் போடாமல் விடு."

"அப்பிடி விட்டால் இன்னும் யோசிப்பினம்."

அவள் சொல்வது சரி. அதனால்தான் பயம். இப்படியான படிவங்கள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில், சமையல் வேலையில்தான் என் அரைவாசி ஆயுளும் போனது. ஒருமுறை எங்களோடு நின்ற ஒருவர் கையுறை போடாமல் பாண் துண்டுகளைத் தட்டில் அடுக்கியதை ஒரு விருந்தாளி கண்டுவிட்டார். ஒரு வார்த்தை ஏசவில்லை. சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு, போகும்போது படிவத்தில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போனார். அடுத்த கிழமை சுவரில் ஒட்டிய வேலை அட்டவணையில் அந்த மனிதரின் பெயர் இல்லை. அன்றிலிருந்து மேசையில் யாராவது பேனை எடுத்தாலே எனக்குக் கை குளிரும். இப்போது அந்தப் பேனை என் கையில். அட்டவணையில் பெயர் இருப்பதும் இல்லாமல் போவதும் எங்கோ ஆப்பிரிக்காவில் இருக்கிற ஒரு மனிதருக்கு. அதுவும் என்னால்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கு மகள் தந்த பரிசு அந்தப் பயணம். மனைவிக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. எனக்கு அன்றே தொடங்கிவிட்டது. மலேரியாக் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவதா பின் போடுவதா, ஜீப் நடுக்காட்டில் பழுதானால் யார் வருவார்கள், கூடாரத்து ஸிப் பூட்டைக் குரங்கு திறக்குமா. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாசித்து ஆறுதல் அடைய எனக்குத் தெரியாது. வாசித்தால் இன்னும் நாலு பயம் கூடும். பயணப்பை அடுக்கும்போது மனைவி சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, சிங்கம் வந்து பிடிக்க முதல் உந்த யோசினையே உங்களைப் பிடிச்சுத் திண்டு போடும். சிங்கத்துக்கு எலும்புதான் மிஞ்சும்."

ஜீப்பில் நாங்கள் மூன்று பேர். எங்களோடு சோலோதுர்னிலிருந்து வந்த ஒரு வயதான சோடி. அவர் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். கழுத்தில் தொலைநோக்கி, மடியில் கொப்பி. கண்ட மிருகத்தை நேரத்தோடு குறித்துக்கொள்வார். வழிகாட்டிதான் சாரதியும். மெலிந்த மனிதர், முன்பல்லில் சின்ன இடைவெளி. என்னைப் 'பாபா' என்று கூப்பிட்டார். அவர்கள் பாஷையில் அதற்கு அப்பா என்று அர்த்தமாம். ஒவ்வொரு நாள் காலையும் புறப்பட முன் கைவிரலை மடக்கி விதிகளைச் சொல்வார். சத்தம் போடக் கூடாது. கையை வெளியே நீட்டக் கூடாது. நான் சொல்லும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது. மகள் தமிழில் சொல்ல, நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். சத்தம் போடாமல் இருப்பது எனக்குப் பெரிய வேலையே இல்லை. சுவிசில் முப்பது வருஷமாக மாடி வீட்டில், கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்காமல் நடந்து பழகியவன். மூன்றாம் நாள் வழிகாட்டி சிரித்துக்கொண்டு, "பாபாதான் என்ர நல்ல பிரயாணி. இருக்கிறாரோ இல்லையோ எண்டு திரும்பிப் பாக்கவேண்டிக் கிடக்கு" என்று சொன்னாராம். எனக்குப் பெருமையாக இருந்தது.

நாலாம் நாள் காலை பத்து மணி இருக்கும். ஜீப் ஒரு வளைவால் திரும்பியது. முன்னால் பச்சை வாகனம் ஒன்று பாதைக்குக் குறுக்கே நின்றது. அதன் பக்கத்தில் சீருடை போட்ட ஒருவர், தோளில் துவக்கு. எங்களைக் கண்டதும் ஒரு கையை உயர்த்தினார். ஜீப் நின்றது.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. எப்போதும் யோசித்துக்கொண்டே இருக்கிறவன், யோசிக்கவேண்டிய அந்த ஒரு இடத்தில் யோசிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய பையிலிருந்து சிவப்புப் பாஸ்போட்டை எடுத்தேன். கதவைத் திறந்தேன். இறங்கினேன். பாஸ்போட்டைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அவரை நோக்கி மெதுவாக நடந்தேன்.

பின்னால் மனைவி என்னவோ கத்தினாள். சீருடைக்காரரும் கத்தினார். தோளிலிருந்த துவக்கு கைக்கு வந்தது. அது எனக்குத்தான் என்று நினைத்து அப்படியே மண்ணில் முழங்காலில் இருந்துவிட்டேன். ஆனால் குழல் என்னைப் பார்க்கவில்லை. என் இடப்பக்கமாக, புல்லைப் பார்த்தது. திரும்பினேன். எங்கள் வீட்டுக் கூடத்தின் நீளம்கூட இருக்காத தூரத்தில், புல் நிறத்திலேயே இரண்டு பெண் சிங்கங்கள் படுத்திருந்தன. ஒன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. அதன் காதில் ஈ ஒன்று இருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. அவை படுத்திருப்பதைக் காட்டி வாகனங்களை மறிக்கத்தான் அந்த மனிதர் கையை உயர்த்தியிருக்கிறார்.

ஒரு கை என் சட்டைக் கொலரைப் பிடித்தது. வழிகாட்டி. தானும் இறங்கி வந்து, என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்து, பின்பக்கமாகவே அடிஅடியாக நடத்திக்கொண்டுபோய் ஜீப்புக்குள் தள்ளினார். சிங்கம் கொட்டாவி விட்டுத் தலையைக் கீழே வைத்தது.

"உங்களுக்கு விசரே! என்ன கண்டறியாத வேலை பாத்தனீங்கள்?" மனைவி என் முதுகில் நாலு அடி போட்டாள். பிறகு அதே கையால் என் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு அழுதாள்.

மகள் அடிக்கவில்லை, அழவில்லை. "ஏனப்பா இறங்கினனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். "தெரியாது" என்றேன்.

அந்தச் சீருடைக்காரர்தான் ரேஞ்சர். அவர் வந்து வழிகாட்டியின் அட்டையை வாங்கிப் புத்தகத்தில் எழுதினார். சோலோதுர்ன் மனிதர் தன் கொப்பியில் எழுதினார். எழுதி முடித்து, என்னைப் பார்க்காமல் மகளிடம் ஜெர்மனில் சொன்னார். கதவைப் பூட்டாமல் விட்டது வழிகாட்டியின் பிழை, அவரும் வாகனத்தை விட்டு இறங்கியது அதைவிடப் பெரிய பிழை, இதைத் தான் கட்டாயம் அறிவிப்பேன் என்று.

கடைசி நாள் விமானநிலையத்தில் நான் வழிகாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் மகளிடம் சொன்னார்: "பாபாவைக் கவலைப்பட வேண்டாமெண்டு சொல்லுங்கோ. புத்தகத்தில எழுதினது எழுதினதுதான். இனி உங்கட நாட்டில இருந்து வாற ஃபோமுலாரைப் பாத்துத்தான் என்னை வைச்சிருக்கிறதோ இல்லையோ எண்டு சொல்லுவினம்." கவலைப்பட வேண்டாம் என்று சொல்ல வேறு வசனம் அவருக்குக் கிடைக்கவில்லை போலும்.

ஃபோமுலார் வந்த மூன்றாம் நாள் மகளிடம் சொன்னேன்: "சோலோதுர்னுக்குப் போவம்."

"போய்?"

"அவரோட கதைப்பம்."

சொல்லாமல் கொள்ளாமல் போகமுடியாதே. மகள் தொலைபேசி எடுத்து நேரம் கேட்டாள். ஞாயிறு மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். மனைவி காலையிலேயே மீன் ரோல்ஸ் பொரித்து ஒரு பெட்டி நிறையத் தந்தாள். இருபது நிமிஷம் முந்திப் போய்விட்டோம். முந்திப் போனாலும் மரியாதை இல்லை, பிந்தினாலும் மரியாதை இல்லை என்று, அவர்களுடைய தெருவிலிருந்த நீர்த்தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். என் கையில் பெட்டி சூடு ஆறிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்குத்தான் மணியை அமத்தினோம்.

மேசையில் ஃபோமுலாரை அச்செடுத்து வைத்திருந்தார். அடிமட்டம் வைத்தது போன்ற எழுத்து. ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' என்ற பெட்டியில் நீல மையில் குறுக்குக் கோட்டுப் புள்ளடி ஏற்கெனவே போட்டிருந்தது. நான் இருந்த பக்கத்திலிருந்து தலைகீழாகப் பார்த்தாலும் அந்தப் புள்ளடிதான் எனக்குத் தெரிந்தது.

"நீங்கள் நல்ல மனிதர்," என்றார் அவர். "ஆனால் நான் நாற்பது வருஷம் ரயில்வேயில் இருந்தவன். விதியால்தான் சனம் உயிரோடு வீட்டுக்குப் போகுது." பிறகு தொலைநோக்கியால் பார்ப்பதுபோல என்னை உற்றுப் பார்த்துக் கேட்டார்: "சரி, நீங்கள் ஏன் இறங்கினீர்கள்?"

என் ஜெர்மன் குசினி ஜெர்மன். வெட்டு, கழுவு, அடுப்பைக் குறை என்பதற்குப் போதும். தொடங்கினேன். சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் பஸ்ஸில் போனால், சென்றி வரும். படையினர் நிற்கிற காவலரண். சீருடைக்காரன் கையைக் காட்டினால்... அதோடு சொல் தீர்ந்துவிட்டது. மகளிடம் திரும்பித் தமிழில் சொன்னேன்.

"எல்லாரும் இறங்கவேணும் பிள்ளை. ஐசியை, அடையாள அட்டையை, உயத்திப் பிடிச்சுக்கொண்டு வரிசையா நடக்கவேணும். அவன் பாத்து விட்டாப் பிறகுதான் அங்கால போய் ஏறலாம். அப்ப எனக்குப் பதினாலு வயசு. எனக்குப் பக்கத்துச் சீற்றில ஒருத்தர் நித்திரையாப் போனார். அவர் இறங்கேல்லை. நான் அவரைத் தட்டி எழுப்பியிருக்கலாம். எழுப்பேல்லை. எல்லாரும் திரும்ப ஏறின பிறகு பாத்தால் அந்தச் சீற் வெறுமை. பஸ் அவர் இல்லாமல்தான் வெளிக்கிட்டது."

மகள் மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கதையை அவளுக்கு நான் சொன்னதே இல்லை. அந்த வீட்டுக்கார அம்மா ரோல்ஸ் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு மகள் மெதுவாக, ஒவ்வொரு வசனமாக ஜெர்மனில் சொன்னாள். ஒரு இடத்தில் தண்ணீர் கேட்டுக் குடித்தாள். 'எழுப்பேல்லை' என்ற இடமாக இருக்கவேண்டும்.

கிழவர் ஃபோமுலாரைத் தன் பக்கம் இழுத்தார். பேனையை எடுத்தார். எனக்குக் கை குளிர்ந்தது. புள்ளடியை வெட்டப் போகிறார் என்று பார்த்தேன். வெட்டவில்லை.

"வழிகாட்டி இறங்கினவர். நான் கண்டனான். பொய் எழுத மாட்டேன்," என்றார். கீழே குறிப்பு எழுதவிட்ட இடத்தில் எழுதத் தொடங்கினார். எழுதி முடித்து எங்களுக்கு வாசித்தும் காட்டினார். வழிகாட்டி விதியை மீறினார். ஆபத்தில் நின்ற ஒரு பயணியைத் தன் உடம்பால் மறைத்துக் கூட்டிவர மீறினார். அந்தப் பயணி இறங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது, அதை வழிகாட்டி முன்கூட்டி அறிந்திருக்க வழியில்லை. இதே வழிகாட்டியோடு நானும் என் மனைவியும் திரும்பவும் பயணம் போவோம்.

ரயிலில் வரும்போது மகள் எங்கள் ஃபோமுலாரிலும் 'இல்லை' என்றே போட்டாள். கீழே தன் பங்குக்கு எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் வேறொன்றும் கேட்கவில்லை. பேர்ண் வரும்வரை என் தோளில் சாய்ந்திருந்தாள். சின்னப் பிள்ளையில் சாய்ந்ததற்குப் பிறகு அதுதான்.

ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. இரண்டு ஃபோமுலாரிலும் இல்லை, இல்லை. அலுவலகத்தில் இருக்கிறவர் அவசரக்காரராக இருந்தால் பெட்டியை மட்டும்தானே பார்ப்பார்? கீழே எழுதியதை யார் வாசிக்கப் போகிறார்கள்? குசினியில் வெங்காயம் வெட்டும்போதும் அதே யோசனை. மூன்று கிழமை மகளை விடவில்லை.

"வழிகாட்டியிட்ட இருந்து மெசேஜ் வந்ததோ?"

"இல்லையப்பா."

"இண்டைக்கும் இல்லையோ?"

"வந்தால் சொல்லுவன் எண்டு சொன்னனான்தானே."

பிறகு ஒரு சனிக்கிழமை நாங்கள் மூவரும் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் தொலைபேசியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். வழிகாட்டி குரலில் பேசி அனுப்பியிருந்தார். பின்னால் ஜீப் இரைகிற சத்தம் கேட்டது. மகள் சொல்லச் சொல்ல நான் கையில் பிசைந்த சோற்றோடு இருந்தேன்.

"இவ்வளவு நாளும் வீட்டில இருக்க விட்டவையாம். இண்டைக்குத் திரும்ப ஜீப் எடுத்திட்டாராம். இப்ப காலமை சொல்லுற விதியளோட இன்னொண்டும் சேத்துச் சொல்லுறாராம்."

"என்ன விதி?"

"சீருடைக்காரர் ஆரும் கையைக் காட்டினால், அது எனக்குக் காட்டுறது. உங்களுக்கில்லை. நீங்கள் இருந்த இடத்திலயே இருங்கோ."

நான் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தேன். பிறகு கேட்டேன்:

"அதை மெதுவாச் சொல்லுறாரோ? எல்லா ஆக்களுக்கும் விளங்கிற மாதிரி?"

"ஐயோ, பாவம் அந்த மனிசன்!" என்றாள் மனைவி. "இப்பதான் வேலைக்குப் போயிருக்குது. உங்கட யோசினையை அங்கயும் அனுப்பப் போறியளோ?"

"கேள் பிள்ளை," என்றேன்.

மகள் சிரித்துக்கொண்டே இடக்கையால் எழுதி அனுப்பினாள்.