அக்காவின் இடத்தில் அப்பா பெயர்

என் ஆய்வேட்டின் துணைநூல் பட்டியலில் அக்கா இருக்க வேண்டிய இடத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். முதலில் பார்த்தது அம்மாதான். மலாய் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி வாசிப்பாள், ஆனால் அந்தப் பெயரை மட்டும் கூட்டாமலே கண்டுபிடித்துவிட்டாள்.

"அவ பேரு எங்க? அந்தாளு பேருல்ல இருக்கு."

அக்கா அச்சில் எழுதியது ஒரே ஒரு கட்டுரை. செமிலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பெண்கள் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனதைப் பற்றி, அம்மாவையும் அவள் தோழிகளையும் கேட்டு எழுதியது. அது வெளிவந்த கொஞ்ச நாளில் டிங்கிக் காய்ச்சலில் போய்விட்டாள். சாம்பலைத் தஞ்சோங் டாவாய்க் கடலில் கரைத்தோம். அவள் பெயரைப் பொறித்து வைக்க ஒரு கல்கூட இல்லை. "ஒன் புஸ்தகத்துல அவ பேரு வரணும், அது போதும் எனக்கு" என்று அம்மா அப்போதே கேட்டிருந்தாள். திங்கட்கிழமை ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும்.

எங்கள் நாட்டில் பெண்பிள்ளையின் பெயருக்குப் பின்னால் ஏ/பி என்று போட்டு அப்பா பெயரை எழுதுவார்கள். இன்னாரின் மகள் என்று அர்த்தம். மேற்கோள்களை அடுக்கித் தரும் மென்பொருளுக்கு அது எங்கே தெரிகிறது? கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று முடிவுகட்டி அப்பாவை முன்னால் தள்ளிவிட்டது. அக்கா ஓர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப் பின்னால் நின்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போதே ஜித்ராவில் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போனவர் அவர். அக்காவுக்கு ஒரு பென்சில் வாங்கித் தந்ததில்லை. சாவுக்கு மட்டும் வந்து, எல்லாருக்கும் முன்னால் நின்று, சாப்பிடாமல் போனார். இந்தப் பாழாய்ப்போன மென்பொருளும் அவரை அதே இடத்தில் நிறுத்தியிருந்தது.

வேர்டில் அப்பா பெயரை அழித்தேன். ரெஃப்ரெஷ் அழுத்தியதும் அவர் திரும்ப வந்தார். மறுபடி அழித்தேன், மறுபடி வந்தார். மென்பொருளை வேர்டோடு இணைக்கும் செருகு நிரலையே கழற்றிப்போட்டுப் புதிதாக ஏற்றினேன். அப்போதும் அவர்தான். பின்னால் நின்ற அம்மா, "போக மாட்டேங்கறான் பாரு" என்றாள். சிரித்தோம். பிறகு இருவருக்குமே அழுகை வந்துவிட்டது.

பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்யும் ஓர் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"வேர்ட்ல திருத்தாதீங்க லா, தங்கச்சி. அது மென்பொருளுக்கு உள்ள இருக்கறதத்தான் எடுத்துட்டு வரும். உள்ள போயி, ஆசிரியர் பேருல ரெண்டு பெட்டி இருக்கும், அத ஒண்ணாக்குங்க. அப்புறம் பேர முழுசா நீங்களே அடிங்க. நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இதே தொல்லதான்."

இரண்டு பெட்டியையும் ஒன்றாக்கினேன். வெறும் பெட்டியில் கர்சர் மின்னியது. என் விரல் நகரவில்லை.

நான் அவளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூத்தவளை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? எனக்கு அவள் அக்கா, அவ்வளவுதான். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வீட்டில் இருந்தது அம்மா ஒருத்திதான். சாவுக்குப் பிறகு அம்மாவும் 'அவ' என்று மட்டுமே சொன்னாள். இருவருமாகச் சேர்ந்து அந்தப் பெயரை வீட்டைவிட்டே அனுப்பியிருந்தோம்.

மரியாதை இல்லாமல், அக்கா என்ற சொல் இல்லாமல், அவள் பெயரை அடித்தேன். ஏ/பியும் அப்பா பெயரும் அதற்குப் பின்னால் போயின. ரெஃப்ரெஷ் அழுத்தினேன். பக்கம் ஒருமுறை துள்ளியது. அகரவரிசை மாறி, அப்பா இருந்த இடத்தில் வேறு ஆசிரியர் யாரோ வந்திருந்தார்கள். பட்டியலின் மேல்பக்கத்தில் அவள் இருந்தாள், முழுப் பெயரோடு.

அம்மா திரையில் விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு கூட்டாமல், சோறு போட்டுவிட்டு அடுக்களையிலிருந்து கூப்பிடுவாளே, அந்தக் குரலில் ஒருமுறை சொன்னாள்.

பழக்கத்தில் நாங்கள் இருவரும் அறைக்கதவைத் திரும்பிப் பார்த்தோம்.