துவைத்துப் பார்த்த துணி

என் மேசையில் ஒரு வெள்ளைப் பனியன் துணித்துண்டு இருக்கிறது. அதில் மார்க்கரால் ஒரு கட்டம். வரைந்தபோது சதுரம், துவைத்தபின் நீளத்தில் குறுகிவிட்டது. அருள்புரத்தில் பனியன் யூனிட் நடத்திய என் பெரியப்பா, துணி எவ்வளவு சுருங்கும் என்று இப்படித்தான் பார்ப்பார். முந்தைய லாட் துணி தேறியிருந்தாலும், புதிதாக வந்த லாட்டைத் துவைத்து அளக்காமல் கட்டிங்குக்கு விடமாட்டார். அவரிடம் வேலை பார்த்த காலத்தில் இதற்கு நான் விலக்கே கண்டதில்லை.

உடம்புக்கு மட்டும் வேறு விதி. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஆரம்பித்த சில மாதங்களில் அளவு சரியாக வந்தது. அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். “பாஸான பீஸுக்கு எதுக்கு மறுபடியும் செக்கிங்?” என்று பெரியம்மாவின் வாயை அடைத்தார். பிறகு பல ஆண்டுகள் அவர் கையில் யாரும் பட்டை கட்டி அளக்கவில்லை.

அறுபதைத் தாண்டிய பின் ஒருநாள், துவைக்காத லாட்டைத் துவைத்தாயிற்று என்று உறுதியாகச் சொல்லிக் கட்டிங்குக்கு அனுப்பினார். தைத்த பனியன்கள் முதல் சலவையிலேயே இடுப்புக்கு மேல் ஏறின. கேட்டால், தான் அனுப்பவே இல்லை என்றார். பொய் சொல்லும் முகமில்லை அது. பயந்துபோய் மருத்துவரிடம் கூட்டிப்போனோம்.

ஸ்கேன் படத்தைக் காட்டி மருத்துவர் நிதானமாக விளக்கினார். வயதானால் எல்லோருக்கும் மூளை கொஞ்சம் சுருங்கும். இவருக்கோ, கவனிக்காத அழுத்தத்தில் ரத்தக் குழாய்கள் விறைத்து, மூளைக்குள் ஓடும் நுண்குழாய்களும் கெட்டு, அது வேகமாக நடந்திருக்கிறது. பெரியப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“லாட்டுக்கு லாட்டு தொவைச்சுப் பாத்தனுங்க. என்னைய ஒருக்காப் பாத்ததோட உட்டுப்போட்டனுங்க.”

பெரியம்மா விடவில்லை. “பனியனுக்கு இருந்த பயம் உங்க தலைக்கு இல்லாமப் போச்சுங்களே.” மருத்துவரே சிரித்துவிட்டார்.

போனதை மீட்க முடியுமா என்று நான் கேட்டேன். மருத்துவர் வாய் திறக்குமுன் பெரியப்பா சொன்னார்: “சுருங்குனதை இழுத்தா நூல்தான் அறும், கண்ணு. மிச்சத்தைக் காப்பாத்தலாம்.”

மறுநாள், துவைக்காமல் விட்டுப்போன அந்த லாட்டில் மிஞ்சிய துணியில் ஒரு துண்டு வெட்டிக் கட்டம் வரைந்து துவைத்தார். லாட் பார்க்கும் பொறுப்பைப் பெரியம்மாவிடம் கொடுத்தார். ஊறுகாயை நிறுத்தினார், விடிந்ததும் நடந்தார். மாத்திரை அட்டையை அந்தத் துண்டின் மேல்தான் வைப்பார். மறதி நிற்கவில்லை, ஆனால் மெல்லத்தான் வந்தது. இறந்த ஆண்டிலும் பெரியம்மாவைப் பெயர் சொல்லியே கூப்பிட்டார்.

இப்போது எனக்கும் அழுத்தம். இன்று காலை அளந்தபோது அளவு சரியாக இருந்தது. பெரியப்பாவின் அந்தத் துணித்துண்டின் மேலிருந்த அட்டையை எடுத்து, இன்றைய மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.