தேவலோகத்தில் தொங்கிய கொசுவலைகள்

போன மாதம் நான் மேகம் கட்டினேன். சிரிக்காதீர்கள்... நிஜம்தான்!

தெற்கே கடல் தாண்டி ஹட் பேயில் காடு வெட்டிக் குடியேறியிருக்கும் நம் ஜனங்களை மலேரியா படுத்துகிற பாடு உங்களுக்குத் தெரியும். போர்ட் பிளேர் ஆபீஸ்காரர்கள் சேர்ந்து, லம்பா லைன் குடியிருப்பு வரை வீடு வீடாக ஏறி இறங்கி நன்கொடை திரட்டினோம். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் கட்டுக்கட்டாகக் கொசுவலைகள் வந்து இறங்கின. இன்னும் கொஞ்சம் வாங்கலாமே என்று ஒரு நாடகமும் போட்டோம்.

தேவலோகக் காட்சிக்குத் திரைச்சீலை இல்லை. வெள்ளை வெளேரென்று வலைகள் சும்மாதானே கிடக்கின்றன — எடுத்துத் தொங்கவிட்டால் என்ன? யோசனை அடியேனுடையது. நீல பல்பைப் போட்டதும்... அடடா! கடற்காற்றில் வலைகள் மெல்ல அசைய, கொட்டகையே மேகத்தில் மிதப்பது போலிருந்தது. இந்திரன் வேஷத்தில் இருந்த நான் வசனத்தை மறந்து அண்ணாந்து நின்றேன். அதற்கும் கைதட்டல்!

முன்வரிசையில் செல்லையா. வலைகளை வாங்கிப்போக ஹட் பேயிலிருந்து வந்தவர். நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார்.

"சார், நாளைக்கு ஜஹாஜ் கெளம்புது. வலையைக் கழட்டிக் குடுத்தீங்கன்னா... வீட்டுல அவ ரெண்டு தடவை காய்ச்சல்ல படுத்து எந்திரிச்சிருக்கா."

"அரே, ஜனங்க இன்னொரு ஷோ கேக்குறாங்க செல்லையா பாய்! அடுத்த ஜஹாஜ்ல மொத்தமா கொண்டு போகலாம். நானே கூட வர்றேன்."

அவர் தலையாட்டினார். கொடுக்கிற இடத்தில் இருப்பவனிடம் வேறென்ன செய்யமுடியும்?

இன்னொரு ஷோ, இரண்டு ஷோ ஆனது. அடுத்த கப்பல் பத்து நாள் கழித்துத்தான் புறப்பட்டது.

அலையே இல்லாத கடல். வெயிலில் மின்னியபடி பறவைமீன்கள் எழும்பி எழும்பி விழுந்தன. வலை மூட்டைமேல் சாய்ந்து, பழைய கைதட்டலை மனதுக்குள் கேட்டபடியே தூங்கிப்போனேன். செல்லையா வழியெல்லாம் கரையைத் தேடிக்கொண்டு நின்றார்.

அவர் குடிசையில் மனைவி மூன்றாவது முறையாகக் குளிர்காய்ச்சலில் கிடந்தாள். எத்தனை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. செல்லையா நான்கு மூலையிலும் வலையைக் கட்டினார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

வலைக்குள்ளிருந்து, பற்கள் கிடுகிடுக்க, அவள் கேட்டாள்.

"நாடகம் நல்லா நடந்துச்சுங்களா, சார்?"

குத்தலே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ரொம்ப நல்லா நடந்துச்சும்மா" என்றேன்.

அவ்வளவு நன்றாக நடத்தியதுதானே நான் செய்த தப்பு!