கஜா துண்டு போட்ட பாறை

காட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் எட்டிய வாசனை கஜாவின் துண்டிலிருந்து வந்தது.

சரியாகக் காயாத பருத்தி, தேங்காயெண்ணெய், கொஞ்சம் டீசல்... மரங்களின் வாசனை அதற்குப் பிறகுதான்.

கஜா பூந்தமல்லிக்காரன். நான் முகப்பேரில் நண்பர்களோடு ஒரு ஃப்ளாட்டைப் பங்குபோட்டுக்கொண்டிருந்த வெளியூர்க்காரன். இருவருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் வேலை. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில், வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்பதில் அவனுக்கு இணை கிடையாது. துண்டு விழுந்த சீட் கஜாவின் சீட். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. அதனால்தானோ என்னவோ, எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் மலர்விழிக்குப் பொள்ளாச்சிப் பக்கம், மலையடிவாரத்து ஊர். ஒருநாள் போனில், "காட்டானை பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அவர்கள் ஊரில் அது "சாப்பிட்டாச்சா" மாதிரி ஒரு கேள்வி.

கஜா, எத்தனையோ முறை பார்த்திருப்பதாகச் சொல்லிவிட்டான். தந்தத்தின் நீளம், காது ஆடிய விதம் எல்லாம் சேர்த்து.

"மாமே, கல்யாணத்துக்குள்ள ஒரு ஆனையையாவது பாத்துறணும்டா. பொய்ய வெச்சிக்கினு தாலி கட்ட முடியாது."

"வண்டலூர் ஜூவுக்குப் போயிட்டு வந்துரலாமே."

"அது கணக்குல வராது."

அப்படித்தான் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு வனப் பூங்காவுக்குக் கிளம்பினோம். மலையேற்றம், ஒரு ராத்திரி கூடாரம், கூட ஒரு வழிகாட்டி. அதுவரை நாங்கள் ஏறியதில் உயரமானது பாடி மேம்பாலம்.

வழிகாட்டியின் பெயர் மாரி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, "நேத்து இதே எடத்துலதாங்க நின்னுச்சு" என்பார். அந்த யானை நேற்று எல்லா இடத்திலும் நின்றிருக்கிறது. இன்றுதான் எங்கேயும் நிற்கவில்லை. பெரிய மலையணில் ஒன்றைப் பார்த்தோம். ஒரு மானின் பின்பக்கத்தைப் பார்த்தோம். அட்டைகள் மட்டும் எங்களைத் தேடி வந்து பார்த்தன.

சாயங்காலம் மாரி ஒரு தட்டைப் பாறையைக் காட்டினார். எதிரே வெளுத்த மண்திட்டு. விடியும்போது யானைகள் அங்கே உப்பு மண் தின்ன வருமாம். பாறையில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். கூடாரப் பக்கமோ, பெரிய பெரிய கேமராக்களோடு கோயம்புத்தூரிலிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்கியிருந்தது.

கஜா துண்டை எடுத்தான். கழுத்து வேர்வையைத் துடைத்தான். பாறைமேல் விரித்து, பறக்காமலிருக்க ஒரு கல்லை வைத்தான்.

"என்னடா பண்றே?"

"எடம் போட்டு வெக்கிறேன். கேமராகாரனுங்க முன்னாடி வந்து குந்திக்குவானுங்க."

மாரி தலையைச் சொறிந்தார். "தம்பி, இது காடுங்க."

"இருக்கட்டும் அண்ணாத்தே. துண்டுன்னா துண்டுதான்."

விடிகாலையில் பனிமூட்டத்தில் ஏறினோம். கேமராக் கூட்டம் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. ஆனால் பாறையில் ஒருவரும் இல்லை. சரிவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"பாத்தியா மாமே, மரியாதை" என்றான் கஜா.

கிட்டே போனோம். துண்டு இல்லை. கல் ஓரமாக உருட்டப்பட்டிருந்தது. துண்டு இருந்த இடத்தில், அளந்து வைத்த மாதிரி, யானைச் சாணம். லேசாக ஆவி பறந்தது.

"நாங்க வரும்போதே இப்படித்தாங்க இருந்துச்சு" என்றார் கேமராக்காரர் ஒருவர்.

வேர்வை உப்புக்காகத் துண்டை எடுத்துப் போயிருக்கும் என்றார் மாரி. நேற்று எங்கே நின்றது என்பதை அன்று அவர் சொல்லவில்லை.

வெயில் ஏறும்வரை காத்திருந்தோம். எதுவும் வரவில்லை. கஜா போட்டு வைத்த இடத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டது, எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அவன் சாணத்தின் மேல் கையை நீட்டி, சூட்டைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

சிக்னல் கிடைத்தது பூங்கா வாசல் டீக்கடையில்தான். அங்கேயே மலர்விழிக்குப் போன் போட்டான். அவன் போனில் ஸ்பீக்கர் தேவையில்லை, எல்லோருக்கும் கேட்கும்.

"மலரு, நான் சொன்னது பொய்யி. ஆனையை நான் பாத்ததே இல்ல. ஆனா அது என் துண்டை எத்துக்கினு பூட்ச்சு."

கஜா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

"பொய்யினு அன்னிக்கே தெரியுமுங்க. நெசமா பார்த்தவங்க தந்தத்தை அளந்துட்டா நிப்பாங்க? ஓடியில்ல போயிருப்பாங்க." பிறகு, "துண்டு என்ன கலருங்க?"

"பச்ச. எதுக்கு?"

"அந்த ஆனை எங்க ஊருக்கு வந்தா வாங்கி வைக்கிறேனுங்க."

கல்யாணத்தில் பெண் வீட்டுச் சீர்த்தட்டில், பட்டு வேட்டிக்கு மேலே ஒரு பச்சைத் துண்டு இருந்தது. இரண்டு வீட்டாரும் அதை மற்றவர் வீட்டு வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. கூடாரம், வழிகாட்டி, ஜீப், எல்லாமே ஆன்லைனில் பதிவு செய்வதுதான். பூந்தமல்லியில் தலைக்கு மேலே மெட்ரோ எழும்பி நிற்கிறது. அதில் ஜன்னல் திறக்காது என்பதில் கஜாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

அவனும் மலர்விழியும் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் காட்டுப்பாக்கத்தில்தான் குடியிருக்கிறார்கள். போன மாதம் அவளையும் கூட்டிக்கொண்டு மறுபடி அந்தப் பூங்காவுக்குப் போய்விட்டு வந்தான். வந்ததும் எனக்குப் போன் செய்தான்.

"பாத்துட்டேன் மாமே. ரோட்டோரமா நின்னுகினு இருந்திச்சு. ஜீப்புல அல்லாரும் போனத் தூக்கிட்டானுங்க. போனுக்கு நடுவுல பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"பெர்சாத்தான் இருந்திச்சு."

பிறகு அவனே சொன்னான்.

"சாயங்காலம் அந்தப் பாறைக்குப் போனோம். கல்யாணத் துண்டை அங்க போட்டுட்டு வந்தேன்."

"காலைல போய்ப் பாத்தியா?"

"இல்லடா. நேரா ஊட்டுக்கு வந்துட்டோம்."

"ஏன்?"

"அங்கியே இருந்திச்சுன்னா இன்னா பண்றது..."